கெசியாவுக்குத் துடுப்பு முளைத்த வரலாறு

கிழக்கு மாநிலங்களின் இயற்கைச் சரித்திர மகாசங்கத்துக்கு மொத்தம் எழுபத்து மூன்று விதிகள். அவற்றில் அறுபது, கூட்டத்தில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதைப் பற்றியவை. எட்டு, தொப்பியைக் கழற்றி எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. மிச்சமிருந்த ஐந்துக்குள்தான் உலகத்து மிருகங்கள், பறவைகள், மீன்கள், புழு பூச்சிகள் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். அடக்கியிருந்தார்கள்.

கான்சாஸ் புல்வெளியின் மேற்குக் கோடியில் குடியேறியிருந்த ஹைரம் டப்ஸுக்கு இந்த விதிகள் எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ரயிலடிச் சுவரில், ரயில் வராத நேரங்களின் அட்டவணைக்கும் காணாமல் போன பன்றி ஒன்றின் அங்க அடையாளங்களுக்கும் நடுவே ஒட்டியிருந்த சங்கத்தின் நோட்டீஸ்தான். எலும்பு, கல்லாகிப்போன எலும்பு, தோல், முட்டை, கூடு, எது கிடைத்தாலும் பெட்டியில் போட்டு அனுப்பும்படி குடியேறியவர்களை அது கேட்டுக்கொண்டது. ஹைரமின் கண் கடைசி வரியில் போய்க் குத்திட்டு நின்றது. 'கண்டெடுத்தது பெரிய பிராணியாக இருந்தால், சங்கமே ஆட்களை அனுப்பித் தோண்டி எடுத்துக்கொள்ளும்.'

ஹைரமுக்குத் தோண்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது. மூன்று வருஷமாக அவன் கிணறு வெட்டிக்கொண்டிருந்தான். நாலடி மண், அப்புறம் பதினாறடி சுண்ணாம்புப் பாறை, அதற்கப்புறம் ஒரு முதுகெலும்பு. வெண்ணெய் கடையும் தாழி அளவுக்கு ஒவ்வொரு கணுவும் இருந்தது. குழியின் இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரைக்கும் அது வழியை மறித்துக்கொண்டு கல்லாய்ப் படுத்திருந்தது. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் கடப்பாரைதான் திரும்பி வந்தது.

கிணறு இல்லாததால் தண்ணீர் நாலு மைல் தள்ளி ஆற்றிலிருந்து வந்தாக வேண்டும். அதைக் கொண்டுவருவது கெசியா என்ற கோவேறு கழுதை. முதலில் அதற்குத் துணையாக அக்கா ஜெமிமாவும் இருந்தது. போன ஜனவரிப் பனியில் அது போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது இரண்டு பீப்பாய் வண்டியை கெசியா ஒற்றையாய் இழுத்தது. ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்தால்தான் அரசாங்கம் நிலத்தை எழுதிக் கொடுக்கும். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. கெசியா படுத்தால் குடித்தனமே படுத்துவிடும் என்பது ஹைரமுக்குத் தெரியும். கெசியாவுக்கும் தெரியும், அது நடக்கிற நடையிலேயே அந்தத் திமிர் இருந்தது.

"படிச்சவங்க பத்துப் பேர் வந்து தோண்டட்டும், லவினியா. அவங்களுக்கு எலும்பு ஆச்சு, நமக்குக் கிணறு ஆச்சு" என்றான் ஹைரம்.

"படிச்சவங்க தோண்டி நீ எப்பப் பாத்த?" என்றாள் அவன் மனைவி. லவினியா நல்ல மனநிலையில் இருக்கும்போது அவனை ஹைரம் என்பாள். கோபம் வந்தால் மிஸ்டர் டப்ஸ்.

கலப்பை வந்திறங்கிய பெட்டி ஒன்று இருந்தது. முதுகெலும்பின் ஒரு கணுவை ஒரு வாரம் போராடிப் பெயர்த்து அதில் வைத்தார்கள். ஆடியது. இடைவெளியில் திணிக்க வைக்கோல் இல்லை, சுள்ளி இல்லை. கண்ணுக்கெட்டிய வரை மரம் என்று ஒன்று இருந்தால்தானே சுள்ளிக்கு. எங்கள் பக்கத்தில் மரம் செய்கிற வேலையையெல்லாம் எலும்புதான் செய்யும். டப்ஸ் வீட்டு முக்காலி காட்டெருமை மண்டை. சட்டை மாட்டும் ஆணி மான்கொம்பு. வாசலில், பூட்ஸ் மண்ணை வழித்துவிட்டு உள்ளே வருவதற்காக நட்டு வைத்திருந்தது காலஞ்சென்ற ஜெமிமாவின் கீழ்த்தாடை. லவினியா அதைப் பிடுங்கி வந்து இடைவெளியில் அழுத்திச் செருகினாள். பெட்டியை ஒரு உதை விட்டுப் பார்த்தாள்.

"இப்ப ஆடாது. உசுரோட இருந்தப்பவும் ஜெமிமா அசைஞ்சு குடுத்தவ இல்ல."

நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. சங்கத்தின் தலைவர் பேராசிரியர் லைசாண்டர் பிளம்லி தம் கையாலேயே எழுதியிருந்தார். ரயிலடியில் தபாலையும் பார்த்துக்கொள்கிற டோபின் அதைப் பிரித்து ஹைரமுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். பிறத்தியார் கடிதத்தை மனசுக்குள் படிப்பது அநாகரிகம் என்று நினைக்கிற மனுஷன்.

'தாங்கள் அனுப்பிய பெரிய கணு கிடைத்தது. அப்படிப்பட்டவை எங்கள் நிலவறையில் இருநூற்றுப் பதினொன்று இருக்கின்றன. ஒன்றை எங்கள் காவல்காரர் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால், ஐயா, அந்தத் தாடை!'

'ஐயா, அந்தத் தாடை!' என்பதை டோபின் இரண்டு தடவை படித்தான். அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

கான்சாஸ் கடலாக இருந்த காலத்துச் சுண்ணாம்போடு சேர்ந்து வந்த அந்தத் தாடை, குதிரையைப் போன்றது, ஆனால் குதிரை அல்ல என்று கடிதம் சொன்னது. ஆகவே அது கடலில் வாழ்ந்த குதிரை. முன்பற்களில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அது சிப்பிகளை உறிஞ்சிக் குடிப்பதற்காக இயற்கை அமைத்துக் கொடுத்த வாய்க்கால். அக்டோபர் பதினாலாம் தேதிக் கூட்டத்தில் பேராசிரியர் இதை வாசித்தபோது பதினோரு பேர் கைதட்டினார்கள், ஒருவர் அழுதேவிட்டார். பிராணிக்குப் 'பிளம்லியின் கடற்பரி' என்று பெயர் வைத்து, சங்கத்தின் ஏட்டில் அச்சும் போட்டாயிற்று. கூடவே படம் ஒன்று இருந்தது. கோவேறு கழுதையின் தலை, திமிங்கிலத்தின் வால், நாலு துடுப்பு, நீளம் முப்பதடி. முகத்தில் பேராசிரியரின் சாடை.

வீட்டுக்கு வந்த படத்தைப் பார்த்த லவினியா அடுப்புக்குப் போட இருந்த எருமை வறட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். ஹைரம் சிரிக்கவில்லை. அவன் மெதடிஸ்ட் கிறிஸ்தவன். பொய் சொன்னால் தூக்கம் வராது. மற்றவர்கள் சொன்னால்கூட வராது.

"பள்ளம் சங்கிலியக் கடிச்சதுல விழுந்ததுடி. முதல் குளிர்காலம் பூரா ரெண்டையும் வண்டியோட சேத்து சங்கிலியில கட்டிப் போட்டோமே. எழுதிடணும்."

"எழுதாத. அவர் பாட்டுக்கு சந்தோஷமா இருக்கார்."

எழுதினான். 'மதிப்புக்குரிய ஐயா, அது ஜெமிமா. எங்கள் கோவேறு கழுதை. ஜனவரி வரை உயிரோடு இருந்தது. சிப்பி சாப்பிட்டதில்லை, கிடைத்திருந்தால் சாப்பிட்டிருக்கும். கிணற்றுக்குள் கிடக்கும் பெரியதைத் தோண்ட எப்போது வருவீர்கள்?'

இதற்கு வந்த பதிலில் சங்கத்தின் செயலாளர் கிரிம்ஸ் கையெழுத்திட்டிருந்தார். எழுபத்தோராம் விதிப்படி ஏட்டில் அச்சானதை ஏட்டின் ஆசிரியர் மட்டுமே திருத்தலாம். ஆசிரியர் பேராசிரியர் பிளம்லி. அவர் திருத்த விரும்பவில்லை. எழுபத்திரண்டாம் விதிப்படி உறுப்பினர் சொல்வது உண்மை, உறுப்பினர் அல்லாதவர் சொல்வது தகவல். திரு. டப்ஸின் தகவலைச் சங்கம் குறித்துக்கொண்டது. அதிலிருந்து தெரிய வருவது என்னவென்றால், அழிந்துபோனதாகக் கருதப்பட்ட கடற்பரி போன ஜனவரி வரை கான்சாஸில் உயிரோடு இருந்திருக்கிறது! இது முதல் கண்டுபிடிப்பை விடப் பெரிய கண்டுபிடிப்பு. இணைத்துள்ள நாற்பது கேள்விகளுக்கும் உடனே பதில் அனுப்பவும்.

பிராணிக்கு அலை பிடிக்குமா, அமாவாசையன்று குரல் மாறுமா என்றெல்லாம் கேள்விகள் போயின. முப்பத்தொன்பதுக்கும் ஹைரம் 'தெரியாது' என்று எழுதினான். நாற்பதாவது, இந்த இனத்தில் வேறு பிராணி உண்டா என்பது. அவன் நாணயஸ்தன். 'உண்டு. இதன் தங்கை கெசியா. அதற்கும் பல்லில் பள்ளம் இருக்கிறது' என்று எழுதிப் போட்டுவிட்டான்.

பத்தாம் நாள் தந்தி வந்தது. டோபின் அதை வழக்கம்போல உரக்கப் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

'பிராணியை யாருக்கும் காட்டாதீர். வருகிறோம். துப்பாக்கி கொண்டு வருகிறோம்.'

"துப்பாக்கி எதுக்குப்பா?" என்றான் ஹைரம்.

"கழுதைய விருந்துக்குக் கூப்பிடத்தான். போய் பொண்டாட்டிகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றான் டோபின்.

மே மாதம் வந்தார்கள். பேராசிரியர் பிளம்லி ஒல்லி. பேசும்போது மட்டும் குண்டாகத் தெரிவார். செயலாளர் கிரிம்ஸ் கையில் எப்போதும் திறந்தபடி ஒரு தீர்மானப் புத்தகம். துணைத் தலைவர் கர்னல் பாட்ஜர் பாஸ்டனில் ரயிலேறியதிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை என்று சொன்னார்கள். இவர்களோடு செத்த மிருகங்களைப் பாடம் செய்கிற வென்ட் என்ற ஜெர்மன்காரர். பத்தொன்பது பெட்டிகள். பேராசிரியரின் பட்டாம்பூச்சி வலைக்கே தனிப் பெட்டி. ஹைரம் பத்தொன்பதையும் வாடகைக் குதிரை வண்டியில் ஏற்றும்போது உள்ளே கடப்பாரை சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். கேட்கவில்லை.

வழியில் பிளம் புதர் ஒன்றில் மஞ்சள் குருவிகள் ஏழு கத்திக்கொண்டிருந்தன. அந்த வட்டாரத்திலேயே வேறெங்கும் இல்லாத குருவி. லவினியாவுக்கு அதன் சத்தம் பிடிக்கும். பேராசிரியர் வண்டியை நிறுத்தச் சொல்லி ஏழு குருவிகளையும் சுட்டார். வென்ட் பொறுக்கி வந்து கொடுத்தார். பேராசிரியர் ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டுக் கட்டினார். 'மிகவும் அரிது.'

"காலையில ஏழு இருந்துச்சுங்களே" என்றான் ஹைரம்.

"இப்ப அரிதாயிடுச்சு இல்லையா? அதைத்தான் எழுதியிருக்கேன். துல்லியம், மிஸ்டர் டப்ஸ், துல்லியம்! அது இல்லாம அறிவியல் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் கெசியாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது நாலு குளம்பையும் ஊன்றிக்கொண்டு பேராசிரியரைப் பார்த்தது. பேராசிரியர் அதைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"துடுப்பு சுருங்கியிருக்கு" என்றார் கடைசியில்.

"குறிச்சாச்சு" என்றார் கிரிம்ஸ்.

"வால்ல மயிர் மொளச்சிருக்கு. கடல் வத்தினதால வந்த மனக்கஷ்டம்."

"குறிச்சாச்சு."

வென்ட் தொண்டையைக் கனைத்தார். "நான் முப்பது வருஷமா மிருகங்களப் பாடம் பண்றேங்க. இது கோவேறு கழுதை."

கிரிம்ஸ் தலை தூக்கினார். "வென்ட், நீ உறுப்பினரா?"

"இல்லைங்க."

"அப்ப இது தகவல். குறிச்சாச்சு."

பிராணியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் பழைய நினைவு வரும் என்று பேராசிரியருக்குத் தோன்றியது. கர்னலைத் தவிர எல்லோரும் நாலு மைல் நடந்து ஆற்றுக்குப் போனார்கள். கெசியா வழக்கம்போலக் கரையில் நின்று வயிறு முட்டக் குடித்தது. அதற்கு மேல் ஒரு அங்குலம் நகர மறுத்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த இனம் எதற்காகப் பேர் வாங்கியதோ அதைச் செய்தது. நீந்துவது எப்படி என்று பிராணிக்குக் காட்டிக்கொடுக்கும்படி கிரிம்ஸுக்குத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை அவரே எழுதி, அவரே கையெழுத்திட்டு, தொப்பியோடு இறங்கினார். மே மாதத்து ஆறு. தொப்பி மட்டும் அழகாக நீந்திப் போயிற்று. கிரிம்ஸை வென்ட் வலையால் பிடித்து இழுத்தார்.

"பிராணி வேடிக்கை பாத்துச்சு, கவனிச்சீங்களா?" என்றார் பேராசிரியர். "நீச்சலப் பத்தின ஆழ்ந்த ஞானம் அதோட கண்ணுல தெரிஞ்சுது. சந்தேகமே இல்ல. சுட்டுடலாம்."

ஹைரம் கெசியாவின் முன்னால் போய் நின்றான். "ஐயா, அது இல்லேன்னா எங்களுக்குத் தண்ணி இல்லைங்க. தண்ணி இல்லேன்னா நிலம் இல்ல. நாலு வருஷம் இந்த மண்ணத் தின்னிருக்கோம்."

பேராசிரியர் அவன் தோளில் கை வைத்தார். "மிஸ்டர் டப்ஸ், உயிரோட இருக்கற வரைக்கும் ஒரு மிருகம் வெறும் வதந்தி. சுட்டு, உரிச்சு, பஞ்சடைச்சு, சீட்டு ஒட்டினாத்தான் அது உண்மை. உங்க கெசியாவ நான் கொல்லப் போறதில்ல. இப்பத்தான் அதை இருக்க வைக்கப் போறேன்."

ஆனால் தீர்மானம் இல்லாமல் சுட முடியாது. அன்று பிற்பகல் டப்ஸின் வீட்டுக்குள் கூட்டம் கூடியது. புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை. கூட்டத்துக்கு நாலு உறுப்பினர் வேண்டும். மூன்று பேர்தான் இருந்தார்கள். பாடம் செய்கிறவரைச் சேர்ப்பது மரியாதை அல்ல. ஹைரமை ஒரு நிமிஷத்தில் உறுப்பினராக்கி, தொப்பியை வடக்கு மூலையில் வைக்கச் சொல்லி, எருமை மண்டை மேல் உட்கார வைத்தார்கள். ஒன்பதாம் விதிப்படி பெண்களுக்கு நாற்காலி கிடையாது. நாற்காலி இல்லாதவருக்குப் பேச்சும் கிடையாது. ரொட்டி பரிமாறலாம். லவினியா உதட்டைக் கடித்துக்கொண்டு சோள ரொட்டியையும் உப்புப் பன்றி இறைச்சியையும் எடுத்து வந்தாள்.

கிரிம்ஸ் தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்ததும் மண்கூரையிலிருந்து பாம்பு ஒன்று தீர்மானப் புத்தகத்தின் மேல் பொத்தென்று விழுந்தது. பேராசிரியர் அதை லாகவமாகப் பிடித்துச் சாராய ஜாடிக்குள் விட்டு மூடினார்.

"அது எலி புடிக்கிற பாம்புங்க. ரெண்டு வருஷமா எங்களோட இருக்கு" என்றான் ஹைரம்.

"இனிமே சங்கத்தோட இருக்கும்" என்றார் பேராசிரியர். "மேல படிங்க, கிரிம்ஸ்."

ஓட்டெடுப்பு நடந்தது. பேராசிரியர் ஆம். கிரிம்ஸ் ஆம். கர்னல் குறட்டை விட்டார். தூங்குகிற உறுப்பினர் ஆமோதிக்கிறார் என்பது முப்பதாம் விதி. ஹைரம் எழுந்து நின்று 'இல்லை' என்றான். குரல் வெளியே வரவில்லை. கிரிம்ஸ் அதையும் குறித்துக்கொண்டார். வாசலில் வென்ட் யாரையும் பார்க்காமல் துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டார். வெளியே கெசியா வண்டிச் சங்கிலியைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

லவினியா ரொட்டித் தட்டோடு வாசலுக்குப் போனாள். கூட்டத்தில்தான் பேசக்கூடாது. வாசல் கூட்டம் அல்ல.

"மிஸ்டர் வென்ட், இன்னொரு துண்டு எடுத்துக்கோங்க. பாடம் பண்ணினா எங்க வைப்பீங்க?"

"நடு மண்டபத்துல, அம்மா. கண்ணாடிப் பெட்டியில."

"யாரெல்லாம் வந்து பாப்பாங்க?"

"ஞாயித்துக்கிழமைல ஊரே வரும். வண்டிக்காரங்க, குதிரை வியாபாரிங்க, லாடம் அடிக்கிறவங்க, எல்லாரும் பிள்ளைகுட்டியோட."

உள்ளே பேராசிரியர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்படியா! கழுதைக்கு எத்தனை குளம்பு வைப்பீங்க?" என்றாள் லவினியா.

"இருக்கற நாலும் இருக்கும். இல்லாதத ஒட்டற பழக்கம் எனக்குக் கிடையாது."

"துடுப்பு?"

"துடுப்பு படத்துலதான் இருக்கு, அம்மா. படம் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்கும். ஒப்பிட்டுப் பாக்க வசதி." வென்ட் ரொட்டியைக் கடித்தார். "எதிர்ச் சங்கத்து டாக்டர் ஸ்பிராக் வருவார். அவர் சொந்தமா பூதக்கண்ணாடி கொண்டு வருவார்."

அறைக்குள் கர்னலின் குறட்டை தொடர்ந்தது. பேராசிரியர் ரொட்டியை வைத்தார். வாயைத் துடைத்தார். எழுந்தார். எழுந்ததும் குண்டானார்.

"கனவான்களே! அறிவியலுக்கு மூளை மட்டுமில்ல, இதயமும் உண்டு. யுகயுகமா அலையோட போராடி மிஞ்சின ஒரு ஜீவன், அதுவும் ஒரு பெண் ஜீவன், நம்ம நம்பி நிக்குது. அதைச் சுடவா இவ்வளவு தூரம் வந்தோம்? கையில துப்பாக்கிய எடுத்தது யாரு? வென்ட், கீழ வை அதை, வெக்கமா இல்ல? இந்தப் பிராணி சங்கத்தோட பாதுகாப்புல இருக்கும். இங்கயே இருக்கும். கிழக்க ஒருநாளும் வரக்கூடாது. யாரும் பாக்கக்கூடாது. முக்கியமா டாக்டர் ஸ்பிராக் பாக்கக்கூடாது. உண்மைய அளவுக்கு மீறி உத்துப் பாத்தா உண்மைக்கே ஆகாது!"

மூன்று ஆம், ஒரு குறட்டை. ஹைரம்தான் அந்த மூன்றாவது.

நன்றி சொல்ல வாயைத் திறந்தான். தீர்மானத்தின் இரண்டாம் பகுதியைக் கிரிம்ஸ் படித்தார். பிராணி இனிமேல் சங்கத்தின் சொத்து. அது சுமை இழுக்கக்கூடாது. கடல் பிராணியானதால் அதை ஒரு நீர்நிலையில் வைத்துப் பராமரிப்பது உறுப்பினர் டப்ஸின் கடமை.

"நீர்நிலைக்கு நான் எங்கங்க போவேன்? எனக்குக் குடிக்கவே..." என்று ஆரம்பித்த ஹைரமின் முதுகில் யாரோ ரொட்டித் தட்டால் இடித்தார்கள். லவினியா அவன் காதில் குனிந்து சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஒப்பித்தான். உறுப்பினர் சொல்வது உண்மை அல்லவா.

"நோட்டீஸ்ல கடைசி வரிங்க. பெரிய பிராணியா இருந்தா சங்கமே ஆள் அனுப்பித் தோண்டும்னு போட்டிருக்கு. இது முப்பதடிப் பிராணி. அச்சுலயே இருக்கு. அதோட முன்னோருங்களோட கடல் இந்தச் சுண்ணாம்புக்குள்ளதான் இருந்துச்சு. நான் கொஞ்சம் ஆரம்பிச்சு வச்சிருக்கேன்."

பிராணியின் நீளம் முப்பதடி இல்லை என்று சொன்னால் ஒழிய மறுக்க வழியில்லை. சொல்லக்கூடியவர் யாரும் அந்த அறையில் உறுப்பினராக இல்லை. கிரிம்ஸ் வரைபடம் போட்டார். முப்பதடிப் பிராணி நீந்த முந்நூறடிக் குளமாவது வேண்டும். ஆனால் அது நெட்டுக்குத்தாக நீந்தினால் எட்டடி அகலம் போதும், ஆழம்தான் வேண்டும். அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஆட்கள் வரும் வரை மூன்று வாரம் ஹைரமே தண்ணீர் வண்டியை இழுத்தான். கழுத்தில் நீல ரிப்பனும் சங்கத்தின் தகரச் சீட்டுமாக கெசியா பக்கத்தில் கைவீசாத குறையாக நடந்து வந்தது. மேட்டில் அவன் திணறும்போது நின்று, அவன் செய்வதில் என்ன தப்பு என்று பார்த்தது.

"ஜெமிமா இருந்தா உனக்கு ஒத்தாசை பண்ணியிருப்பா" என்றாள் லவினியா, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே.

ரயில்பாதைக்கு மண் வெட்டுகிற ஐரிஷ்காரர்கள் இருபத்திரண்டு பேர் வெடிமருந்தோடு வந்து இறங்கினார்கள். கிரிம்ஸ் குழியின் விளிம்பில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார். இரண்டாம் நாள், ஹைரமின் முதுகெலும்பை ஒட்டிக் குழியை அகலப்படுத்தியபோது அதன் மிச்சம் வெளியே வந்தது. வண்டி நீளத் தலை. கலப்பைக் கொழு மாதிரிப் பற்கள். அதற்குக் கீழே, விரல் விரலாக எலும்பு அடுக்கி, கதவு அகலத்துக்கு விரிந்து கிடந்தன இரண்டு துடுப்புகள்.

ஹைரம் ஓடினான். "ஐயா! துடுப்புங்க! நிஜத் துடுப்பு! நீளம் முப்பதடிக்குக் குறையாது! நீங்க எழுதினது இதுதாங்க!"

பேராசிரியர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த வேளையில் அவர் முகம் மெலிந்து, சின்னப் பையன் முகம் மாதிரி ஆயிற்று என்று வென்ட் பிற்பாடு சொன்னார். அப்புறம் அவர் நிமிர்ந்தார்.

"நான் எழுதினது ஏற்கனவே கெடச்சாச்சு, மிஸ்டர் டப்ஸ். தகரச் சீட்டுக் கட்டியாச்சு. ரெண்டாவதா ஒண்ணு கெடச்சா முதலாவது என்னன்னு கேப்பாங்க. கிரிம்ஸ், இது என்ன?"

கிரிம்ஸ் வரைபடத்தைப் பார்த்தார். "தடங்கல்."

தடங்கலுக்குள் மருந்து வைத்தார்கள். அந்த வழியாக வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த பாவ்னி என்ற பழங்குடி இனத்துப் பெரியவர் ஒருவர் குதிரையை நிறுத்தி, குவிந்து கிடந்த துண்டுகளைப் பார்த்தார். இந்தக் குன்றுக்குள் தண்ணீரின் பழைய ராஜா படுத்திருப்பதாகத் தங்கள் ஜனங்களுக்கு எப்போதும் தெரியும் என்றும், அதற்குத் தங்களிடம் ஒரு பெயர் உண்டு என்றும் சொன்னார். பெயரை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

"தகவல்" என்றார் கிரிம்ஸ். "குறிச்சாச்சு."

வென்ட் மட்டும் அந்தக் குவியலின் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு விதிகளில் எதுவும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை.

முப்பத்தெட்டாவது அடியில் தண்ணீர் வந்தது. குளிர்ந்த, இனிப்பான தண்ணீர். லவினியா முதல் வாளியைத் தூக்கி நின்றபடியே குடித்து, மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். பேராசிரியர் நீர்நிலையைத் திறந்து வைத்துக் கால்மணி நேரம் பேசினார். பலகை நட்டார்கள்: 'பிளம்லியின் கடற்பரி நீந்துமிடம். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.' பலகைக்குப் பக்கத்தில் கெசியா முகத்தை வாளிக்குள் விட்டுக்கொண்டு நின்றது. அடுத்த ரயிலில் அவர்கள் போனார்கள். பத்தொன்பது பெட்டிகள், ஏழு குருவிகள், ஒரு பாம்பு.

ஹைரமுக்கு நிலம் கைக்கு வந்து இப்போது நாலு வருஷம் ஆகிறது. வாசலில் ஜெமிமாவின் தாடை இருந்த இடத்தில் ராஜாவின் முதுகுக் கணு ஒன்றைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். பூட்ஸ் மண்ணை அது அவ்வளவு நன்றாக வழிப்பதில்லை என்பது லவினியாவின் குறை. குருவிகள் திரும்பி வரவில்லை. கிணற்று ராட்டினத்தைச் சுற்றி கெசியா நாள்தோறும் நடந்து தண்ணீர் இறைக்கிறது. சங்கத்துக்குப் போகும் கணக்கில் அதற்கு 'நீச்சல் பயிற்சி' என்று பெயர்.

ஒவ்வொரு அக்டோபரிலும் சங்கத்திலிருந்து நாற்பது கேள்விகள் வரும். முதல் வருஷம் ஹைரம் பேனாவை மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு ஒரு வாரம் தவித்தான்.

"துடுப்பு வளந்திருக்கான்னு கேக்கறாங்க, லவினியா. என்ன எழுத?"

"நீ உறுப்பினர். நீ என்ன எழுதினாலும் உண்மைதான், மிஸ்டர் டப்ஸ்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

இந்த வருஷம் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டான். துடுப்பு இடதுபக்கம் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறது. அமாவாசையன்று குரல் கனக்கிறது. அலை பிடிக்கும். நாற்பதாவது கேள்விக்கு, இந்த இனத்தில் வேறு பிராணி கிடையாது என்று அழுத்தி எழுதி அடிக்கோடும் இட்டான். மை காய்வதற்காகத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். எழுத்து அவனுடையது மாதிரியே இல்லை. பேராசிரியரின் எழுத்து மாதிரி கொஞ்சம் குண்டாக இருந்தது. அன்று ராத்திரி அவனுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.